பொட்டு வைத்த கமியோன்

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. நம்பாதவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் இது நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில், கான் ஹோய் துறைமுகத்தை ஒட்டிய ஒரு லாரிக் கொட்டகையில், லெயோன் என்ற காரைக்கால் டிரைவருக்கு நடந்தது. அவன் பொய்யே பேசாத ஆள் என்று சத்தியம் செய்யமாட்டேன். எல்லா டிரைவரும் கொஞ்சம் புளுகத்தான் செய்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் கடைசிவரை ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பேய் என்றதும் நடுச்சாமம், வெள்ளைப் புடவை, சலங்கைச் சத்தம் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். இதில் எல்லாமே காலையில் நடந்தது. வாசலில் காப்பி விற்கிற நேரத்தில்.

அந்தக் கொட்டகையில் லாரியைக் கமியோன் என்பார்கள். டிரைவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். காரைக்கால், புதுச்சேரிக் கிறிஸ்தவர்கள், நாகூர்ப் பக்கத்து முஸ்லிம்கள், மாரியம்மன் கோயிலுக்குப் போகிற இந்துக்கள் என்று எல்லாரும் கலந்து இருந்தார்கள். தோட்டங்களிலிருந்து ரப்பரை ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுவருவதுதான் வேலை. காலையில் வண்டியை எடுக்கும் முன் அரை மணி நேரம் அதைச் சோதிக்க வேண்டும். தண்ணீர், எண்ணெய், டயர், சக்கரத்து நட்டுகள், பிரேக் கம்பிகள், ஸ்டீரிங் மூட்டுகள், விளக்கு, ஹாரன். அதற்குப் பிறகுதான் முன்பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பலாம்.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. மெக்கானிக் கஸ்தோன் சாயங்காலம் எல்லா வண்டியையும் ஒரு சுற்று பார்ப்பான். சந்தேகமான இடத்தில் மினியத்தைத் தொட்டு ஒரு பொட்டு வைப்பான். மினியம் என்பது இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் சிவப்புச் சாயம். மறுநாள் காலை டிரைவர் முதலில் அந்தப் பொட்டு எங்கே என்று பார்ப்பான். அதைச் சரிசெய்துவிட்டு மற்றதையும் பார்ப்பான்.

பிறகு லூயி வந்தார். புதுச்சேரிக்காரர், படித்தவர், கொட்டகைக்குப் புது ஷெஃப், அதாவது மேலாளர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கையில் கடிகாரம் கட்டிய மனிதர், அவ்வளவுதான். அவருக்கு இந்த அரை மணி நேரம் உறுத்தியது.

"கஸ்தோன்தான் பொட்டு வச்சிடறானே. அதைப் பார்த்துட்டுக் கிளம்ப அரை மணி எதுக்கு? பத்து நிமிஷம் போதும்."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பத்து நிமிடம் சட்டமாகிவிட்டது. தாண்டினால் அன்றைக்கு வண்டி கிடையாது. மறுபடியும் தாண்டினால் வேலையே கிடையாது.

அந்த ஆண்டு ஆயுத பூஜை வந்தது. இந்து டிரைவர்கள் கொட்டகையில் இருந்த எல்லா வண்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். எது யாருடைய வண்டி என்று பார்க்கவில்லை. பார்த்தால் பாவம் என்று நினைத்தார்களோ என்னவோ, பக்கீர் மைதீனின் வண்டிக்கும் சேர்த்தே வைத்தார்கள். மைதீன் நாகூர்க்காரர், சாது. ரேடியேட்டரிலிருந்து பின்சக்கரம் வரை தன் வண்டியில் இருந்த பொட்டுகளைப் பார்த்துச் சிரித்தார்.

"இருந்துட்டுப் போவட்டும். பிரியமா வச்சதைத் துடைச்சா மனசு கஷ்டப்படுவாங்க."

மறுநாள் காலை பத்து நிமிடத்தில் கிளம்பினார். ஸ்டீரிங் மூட்டில் ஒரு பொட்டு இருந்தது. அது குங்குமம் இல்லை, கஸ்தோன் வைத்த மினியம். அவர் அதையும் பார்த்தார். அதையும் பிரியமாக வைத்த பொட்டு என்றே எடுத்துக்கொண்டார். பாலத்துத் திருப்பத்தில் மூட்டு கழன்றது. வண்டி பாலத்தில் மோதியது. மைதீன் பிழைக்கவில்லை.

அந்த வாரம் லெயோன் கொட்டகையில் இல்லை. அவன் மனைவி லூசியேன் காய்ச்சலில் இறந்து, அவளை அடக்கம் செய்த வாரம் அது. மைதீன் சாவைப் பற்றி அவன் கேள்விப்பட்டதோடு சரி. முகம் பார்க்கவில்லை, ஜனாஸாவுக்கும் போகவில்லை. சேதி சொன்னவனிடம் "அப்படியா" என்றான். அவனால் சொல்ல முடிந்தது அதுதான். உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. சோறு சாப்பிட்டால் சோறு, பட்டினி கிடந்தால் பட்டினி. வீட்டில் ஐந்து வயது மகள் ஜிசேல் மட்டும் இருந்தாள். அவளுக்குத் தலை வாரிவிட வேண்டும் என்பதற்காகக் காலையில் எழுந்தான். உயிரோடு இருக்க வேறு காரணம் அவனுக்குத் தோன்றவில்லை.

அவன் வேலைக்குத் திரும்பியபோது லூயி இரண்டு சேதி சொன்னார். கொட்டகையில் இனிமேல் பொட்டு வைக்கிற வழக்கம் கிடையாது. மைதீனின் கமியோனைப் பழுது பார்த்தாகிவிட்டது, அதை இனி லெயோன் ஓட்ட வேண்டும்.

"சோதனைக்கு எவ்வளவு நேரம், முசியே?"

"அதே பத்து நிமிஷம்தான்."

பொட்டு இருக்கிறது என்பதால் பத்து நிமிடமாக்கினார்கள். இப்போது பொட்டும் இல்லை, ஆனால் பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே நின்றது. மேலே இருக்கிறவர்களின் கணக்கு இப்படித்தான், கழித்தது கழித்ததுதான். லெயோன் சரி என்று தலையாட்டினான். தொலைந்தது போ என்று வேலையை விட்டுப் போகலாம். பிறகு ஜிசேலுக்கு யார் சோறு போடுவது?

தினமும் விடியும்போது அவளையும் கொட்டகைக்குக் கூட்டி வருவான். அவன் வண்டியைச் சோதிக்கும்வரை அவள் முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பாள். பிறகு வாசலில் காப்பி விற்கிற, அந்த மண்ணைச் சேர்ந்த அன்னமியக் கிழவியிடம் விட்டுவிட்டுப் போவான். கிழவியின் பெயர் பா ஹாய். ஜிசேலுக்கு அரிசிப் பலகாரம் கொடுத்துச் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வாள்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் வாரம் ஒரு நாள். கொட்டகைச் சுவரில் பெரிய கடிகாரம் ஐந்தரை காட்டியது. மழை விட்டு ஈரமாகக் கிடந்தது. லெயோன் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தான். ஒரு நட்டின் மேல் சிவப்பாக ஒரு பொட்டு.

விரலை வைத்தான். ஈரம். ஸ்பானரைப் போட்டுப் பார்த்தான். நட்டு பாதி கழன்றிருந்தது.

கஸ்தோன் ஷெஃபுக்குத் தெரியாமல் பழைய வழக்கத்தைத் தொடர்கிறான் என்று நினைத்துக்கொண்டான். நட்டை முறுக்கினான். பொட்டைத் துணியால் துடைத்தான். மாட்டிவிடக் கூடாது என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் பிரேக் கம்பியில் பொட்டு. கம்பியைப் பிடித்திருந்த ஆணி விழப்போகிற மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் ரேடியேட்டர் குழாயில். அதற்கடுத்த நாள் முன் டயரின் உட்பக்கம், கை விட்டாலொழியத் தெரியாத இடத்தில் ஒரு வெடிப்பு. ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒரு பொட்டுகூடப் பொய்யாகவில்லை.

லெயோன் நேராகப் பொட்டைத் தேடிப் போவான். சரிசெய்வான். கைப்பிடியைச் சுற்றுவான். பத்து நிமிடம் முடிவதற்குள் எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும். லூயிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மற்ற டிரைவர்களை நிற்க வைத்துச் சொன்னார்.

"பாருங்க, லெயோனால முடியுது. உங்களுக்கு மட்டும் என்ன?"

மற்றவர்கள் லெயோனை முறைத்தார்கள். காப்பிக் கடையில் அவன் உட்கார்ந்தால் எழுந்து போனார்கள். ஷெஃபுக்குக் காக்கா பிடிக்கிறான் என்று அவன் காதுபடவே பேசினார்கள். அவனுக்கு அதுவும் உறைக்கவில்லை.

ஆனால் சில விஷயங்கள் கண்ணில் பட்டன.

பொட்டு அவன் வண்டியில் மட்டும்தான். பக்கத்து வண்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எதிலும் இல்லை.

மினியம் காய்ந்தாலும் பளிச்சென்று செம்மஞ்சளாக இருக்கும். இந்தப் பொட்டைத் துடைத்த துணி மத்தியானத்துக்குள் பழுப்பாகிவிடும்.

துணியில் எறும்பு மொய்த்தது. சாயத்துக்கு எறும்பு வருமா?

ஜிசேல் முன்பெல்லாம் இருக்கையில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டு ஆட்டுவாள். இப்போது இரண்டு காலையும் மேலே மடக்கி வைத்துக்கொள்கிறாள்.

"ஏன் பாப்பா?"

"சும்மா."

பிறகு அந்தச் சத்தம். முதலில் எலி என்று நினைத்தான். வண்டிக்கு அடியில், சரளைக் கல்லின் மேல்...

சர்க்... சர்க்...

ஒருவர் மல்லாக்கப் படுத்து, முதுகால் நகர்ந்து நகர்ந்து போகிற மாதிரி. குனிந்தால் நின்றுவிடும். நிமிர்ந்தால் மறுபடியும்...

சர்க்...

ஒரு நாள் கஸ்தோனைத் தனியாகப் பிடித்தான்.

"மெர்சி, கஸ்தோன்."

"எதுக்குப்பா?"

"பொட்டுக்கு."

"என்ன பொட்டு?"

லெயோன் துணியைக் காட்டினான். அன்று காலை துடைத்தது, இன்னும் முழுதாகக் காயவில்லை. கஸ்தோன் அதை வாங்கிப் பார்த்தான். முகர்ந்தான். சட்டென்று துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"மினியம் டப்பாவை ஷெஃப் அன்னைக்கே ஆத்துல வீசச் சொல்லிட்டார். நானே வீசினேன். இந்தக் கொட்டகையில மினியம் ஒரு சொட்டு கிடையாது."

"அப்ப இது?"

"இது மினியம் இல்ல, லெயோன்."

லெயோனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மரத்துப்போன காலில் முள் ஏறினால் தெரியாதே, அப்படித்தான் இருந்தது. யார் வைக்கிறார்கள் என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தது. புரிந்தபோதும் வேறு வண்டி கேட்கவில்லை. ஒரு பொட்டைத் தப்பாக நினைத்துச் செத்தவர், இன்னொருவன் அப்படிச் சாகக் கூடாது என்று பார்க்கிறார், அவ்வளவுதானே. உயிரோடு இருப்பவர்களில் யார் இவ்வளவு அக்கறையாக இருக்கிறார்கள் என்று தோன்றியது.

மறுநாள் காலை வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

சர்க்... சர்க்...

"நானா..." என்று, நாகூர்ப் பக்கம் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாகக் கூப்பிட்டான்.

சத்தம் நின்றது.

"மைதீன் நானா... நீங்கதானா?"

இருட்டு விலகாத அந்த இடத்தில், அவனுக்கு மிக அருகில், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிற மாதிரி இருந்தது. எழுந்து பார்த்தான். எண்ணெய்க் குழாயின் கீழே பொட்டு. ஒரு சொட்டு அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழிந்து இறங்கியது.

குழாயைச் சரிசெய்தான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். வேறு என்ன செய்வான்?

இப்படியே டிசம்பர் போய், குளிர்காற்று அடிக்கிற நாட்கள் வந்தன. பொட்டு இல்லாமல் வண்டியைச் சோதிப்பது எப்படி என்றே லெயோனுக்கு மறந்துவிட்டது. எந்த நட்டை முதலில் பார்ப்பது, எந்தக் கம்பியை எப்படி இழுத்துப் பார்ப்பது... எல்லாம் அவர் பார்த்துக்கொள்கிறாரே!

பிறகு அந்தக் காலை.

முந்தின நாளே ரப்பரை ஏற்றி வைத்திருந்தார்கள். கப்பல் எட்டு மணிக்குக் கிளம்புகிறது. அதற்குள் சரக்கு துறைக்குப் போய்ச் சேர வேண்டும். வாசலில் காப்பி அடுப்பு எரியவில்லை. பா ஹாய் ஒரு திவசத்துக்காகத் தன் ஊருக்குப் போயிருந்தாள். ஜிசேலைக் கூடவே வண்டியில் கொண்டுபோவதைத் தவிர வழியில்லை. அவளை முன் இருக்கையில் உட்கார வைத்தான்.

அவள் பேசவில்லை. அவனும் பேசவில்லை. அந்த வீட்டில் அது புதிதில்லை.

ஐந்தரை.

லெயோன் குனிந்தான். பின்சக்கரத்தில் பொட்டு இல்லை. முன்சக்கரத்தில் இல்லை. பிரேக்கில் இல்லை. ஸ்டீரிங் மூட்டில் இல்லை.

காதைக் கூர்மையாக்கினான்.

சத்தமும் இல்லை.

மறுபடியும் முதலிலிருந்து சுற்றினான். இந்த முறை கையால் தடவினான். நட்டு நட்டாக, கம்பி கம்பியாக. விளக்கு, ஹாரன், டயரின் உட்பக்கம். எல்லாம் கெட்டியாக இருந்தன. குறை என்று எதுவுமே இல்லை. பொட்டு எங்கே... எங்கே போனார்...

"பத்து நிமிஷம் ஆயிடுச்சு, லெயோன்!" லூயியின் குரல்.

"இன்னும் கொஞ்சம், முசியே."

"உனக்கு என்ன ஆச்சு இன்னைக்கு?"

அவன் அடியில் ஊர்ந்து போனான். மல்லாக்கப் படுத்து, முதுகால் நகர்ந்து நகர்ந்து பார்த்தான்.

சர்க்... சர்க்...

அது அவனுடைய முதுகுச் சத்தம்தான். ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. பல மாதங்களில் முதல் முறையாக.

வெளியே வந்தான். கடிகாரம் ஆறு காட்டியது. அரை மணி நேரம் போயிருந்தது. லூயி வராந்தாவிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்.

லெயோன் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

ஜிசேல் இருந்த இடத்திலேயே இருந்தாள். இரண்டு காலும் கீழே தொங்கின. முகத்தைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

அவள் கழுத்தில்...

பொட்டு.

ஈரமாக. சிவப்பாக. தொண்டைக் குழிக்கு நேர் மேலே.

குழந்தையை இழுத்துக் கீழே இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். வண்டியில் குழந்தை போகக் கூடாது... வண்டிக்கு ஏதோ ஆகப் போகிறது... அப்படித்தான் புரிந்துகொண்டான். அப்படித்தானே யாருக்கும் புரியும்?

ஓடிப்போய்க் கஸ்தோனிடம் நீட்டினான்.

"சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்க."

"என்னப்பா ஆச்சு?"

"பார்த்துக்க!"

திரும்பி வந்தான். கைப்பிடியைச் சுற்றினான். முதல் சுற்றிலேயே எஞ்சின் கிளம்பியது. ஏறினான். செத்தாலும் நான் மட்டும்தானே என்று நினைத்தான். அதில் அவனுக்குத் துக்கம்கூட இல்லை.

வண்டி வாசலை நோக்கி நகர்ந்தது.

அப்போதுதான்...

நட்டில் பொட்டு இருந்தால், நட்டில் குறை.

குழாயில் பொட்டு இருந்தால், குழாயில் குறை.

இத்தனை நாளில் அவர் ஒரு முறைகூடத் தள்ளி வைத்ததில்லை. குறை இருக்கும் இடத்திலேதான்... அதே இடத்திலேதான்...

பிரேக்கை மிதித்தான். குதித்தான். ஓடினான்.

"ஜிசேல்! வாயைத் திற, அம்மாடி."

அவள் திறக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"எச்சில் முழுங்கு."

முடியாது என்று தலையை மெல்ல ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் மார்பில் காதை வைத்தான்.

கர்ர்... கர்ர்...

மூச்சு உள்ளே போக வழி தேடிக்கொண்டிருந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினான். வாசலில் லூயி நின்றார். இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"எங்கே போறே?"

"ஆஸ்பத்திரிக்கு."

"கப்பல் நிக்குது! ரிக்‌ஷால யாரையாவது கூட்டிட்டுப் போகச் சொல்லு!"

"தள்ளுங்க, முசியே."

"சரக்கோட அந்தப் பக்கம் திருப்பினே, இங்கே திரும்பி வராதே!"

"தள்ளுங்க."

லூயி தள்ளவில்லை. லெயோன் வண்டியை நகர்த்தினான். லூயி கடைசி நொடியில் துள்ளி விலகினார்.

அந்த வண்டி அன்றுபோல் ஒரு நாளும் ஓடியதில்லை. பிரேக் பிடித்த இடத்தில் நின்றது. ஸ்டீரிங் நினைத்த பக்கம் திரும்பியது. வளைவுகளில் அத்தனை ரப்பர் பாரமும் ஒரு சாண் சரியவில்லை. பாலத்துத் திருப்பத்தில் லெயோன் பல்லைக் கடித்தான். ஒன்றும் ஆகவில்லை. அன்று வண்டியில் ஒரு குறையும் இருக்கவில்லை.

கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரி அது. டாக்டர் கரண்டியால் ஜிசேலின் நாக்கை அழுத்தி உள்ளே பார்த்தார். தொண்டையை மூடி வெள்ளைச் சவ்வு படர்ந்திருந்தது. தொண்டை அடைப்பான். ஓடினார்கள், ஊசி கொண்டுவந்தார்கள், குழந்தையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

வெகுநேரம் கழித்து ஒரு கன்னியாஸ்திரி வெளியே வந்தார். பிரெஞ்சில்தான் பேசினார்.

"பிழைத்துக்கொள்வாள். மத்தியானம் வரை விட்டிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. முதலில் எந்த டாக்டரிடம் காட்டினீர்கள்?"

"யாரிடமும் இல்லை, மாசேர்."

"கழுத்தில் குறி வைத்திருந்தாரே. இடம் அவ்வளவு சரியாக இருந்தது."

லெயோன் அங்கேயே தரையில் உட்கார்ந்தான். அழுகை வந்தது. லூசியேனைக் குழியில் இறக்கியபோது வராதது, மைதீன் சாவுச் சேதியில் வராதது, எல்லாம் சேர்ந்து வந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு அழுதான்.

கப்பல் போய்விட்டது. வேலையும் போய்விட்டது. லூயி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்தக் கமியோனை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அதில் அப்புறம் யாரும் பொட்டு எதையும் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, சைகோனை ஒட்டிய ஷோலோனில் நெல் லாரி ஓட்ட ஒரு செட்டியாரிடம் லெயோன் போய் நின்றான். காலையில் வண்டியைச் சோதிக்க எவ்வளவு நேரம் எடுப்பாய் என்று அவர் கேட்டார்.

"அரை மணிங்க."

"அவ்வளவு எதுக்கு? பத்து நிமிசத்துல முடிக்கிறவுக இருக்காகளே."

"கூட ஆள் இருந்தா பத்து நிமிஷங்க. நான் இப்ப தனியாத்தான் பார்க்கணும்."

செட்டியார் அவனை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் வேலை கொடுத்தார்.

ஜிசேல் தேறிவிட்டாள். குரல் மட்டும் கொஞ்ச நாள் கரகரத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கஸ்தோன் அவளைப் பார்க்க ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தான். மூன்று பேரும் சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கஸ்தோன் பழத்தை உரித்துக்கொண்டிருந்தான். வாசல் பக்கம் லாரி ஒன்று போனது. ஜிசேல் அதைப் பார்த்துவிட்டுத் தானாகவே கேட்டாள்.

"அப்பா, அந்த மாமா நம்ம புது வண்டிக்கு வரமாட்டாரா?"

லெயோன் அவள் பக்கம் திரும்பினான்.

"எந்த மாமா?"

"கீழே படுத்திருப்பாரே. பொட்டு வைக்கிற மாமா."

"நீ அவரைப் பார்த்தியா?"

"தெனமும். எனக்கும் வச்சாரே. வலிக்குதான்னு கேட்டார். ஆமான்னு தலையாட்டினேன்."

லெயோன் மெல்லக் கேட்டான்.

"அவர்கிட்ட சாய டப்பா இருந்துச்சா, பாப்பா?"

"டப்பா இல்லப்பா."

ஜிசேல் ஆள்காட்டி விரலைத் தன் வலது காதுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அங்கே முடிக்குள் விட்டுத் தொட்டாள். விரலை எடுத்து ஆரஞ்சுத் தோலின் மேல் மெத்தென்று ஒற்றினாள்.

"இப்படி. இங்கேருந்து தொட்டுத் தொட்டு வைப்பார்."

கஸ்தோன் உரிப்பதை நிறுத்தியிருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. பாலத்திலிருந்து மைதீனைத் தூக்கி வந்தது அவன்தான். தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை உட்கார்ந்திருந்ததும் அவன்தான்.

"எங்கே அடிபட்டுச்சு அவருக்கு?" என்றான் லெயோன்.

கஸ்தோனின் கை தானாக மேலே போனது. வலது காதுக்குப் பின்னால். அதே இடத்தில் நின்றது.

"அங்க மட்டும்தான், லெயோன். ஒரு பொட்டு அளவுக் காயம். அதுலேருந்து ஒரு சொட்டு ரத்தம்கூட வரல. அதனாலதான்... பிழைச்சுக்குவார்னு நினைச்சோம்."